சிப்பாய்ப் படையின் தோற்றமும் அமைப்பும்

அமாவாசை இரவில் மேல்மலையனூருக்குச் சென்றவர்கள், அங்காளம்மன் ஆலயத்தின் முன் ஊஞ்சல் உற்சவம் காணக் கூடும் பெருங்கூட்டத்தைக் கண்டிருப்பார்கள். விழா முடிந்து தென்கிழக்கே செல்லும் மக்கள் செஞ்சியைக் கடந்தே போகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்து நிற்கும் அந்தக் கோட்டையைப் பார்த்ததும், உடன்வரும் சிறுவர்கள் தேசிங்கு ராஜனைப் பற்றிக் கேட்பது இயல்பு. பெரியவர்களும் குதிரையையும் வாளையும் பற்றிச் சொல்லி மகிழ்விப்பார்கள்.

ஆனால் மாணவர்கள் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. இந்தக் கோட்டைக்காகப் போரிட்ட வீரர்கள் யாருடைய வீரர்கள்? இன்று நம் நாட்டின் எல்லையில் நிற்கும் ராணுவம் நம்முடையது என்று நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். அவ்வாறு சொல்லும் உரிமை ஒரே நாளில் வந்ததன்று. அது எப்படி வந்தது என்பதை அறிய, எந்தப் படையைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். படைவீரனுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அவனுக்குக் கட்டளையிடுபவர் யார்? கட்டளையிடுபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்த மூன்று கேள்விகளையும் கைவிளக்காகக் கொண்டு, நம் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு படையின் வரலாற்றைக் காண்போம்.

செஞ்சிக் கோட்டை பல கை மாறியது. நாயக்கர்களிடமிருந்து 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படையும், 1677-இல் சிவாஜியும், நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயரும் அதைக் கைப்பற்றினர். 1714-இல் தேசிங்கு ராஜன் சிறு படையுடன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து உயிர் நீத்தான். அக்காலத்துப் படைகளில் பெரும்பாலானவை நிலையான படைகள் அல்ல. ஒரு தலைவன் நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு அரசனிடம் வருவான். ஆயுதமும் குதிரையும் பெரும்பாலும் அவரவர் சொந்தம். சம்பளத்தைத் தலைவன் வாங்கித் தன் ஆட்களுக்குப் பங்கிடுவான். அரசனின் கருவூலம் வற்றினால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் படை கலையும், அல்லது எதிரியிடம் போய்ச் சேரும். வீரம் குறைவில்லாமல் இருந்தது; ஆயினும் அந்த வீரன் தன் தலைவனையே அறிவான், நாட்டை அறியான்.

இந்த முறையின் பலவீனம் 1746-ஆம் ஆண்டில் அடையாற்றங்கரையில் உலகறிய வெளிப்பட்டது. அவ்வாண்டு பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தனர். அதை மீட்க ஆர்க்காட்டு நவாப் தம் மைந்தர் மாபூஸ் கானைப் பத்தாயிரம் பேர் கொண்ட சேனையுடன் அனுப்பினார். எதிரே வந்த பிரெஞ்சுப் படையில் ஐரோப்பியரும் இந்தியச் சிப்பாய்களும் சேர்ந்து ஆயிரம் பேருக்கு மேல் இல்லை. அந்தச் சிறு படை ஆற்றைக் கடந்து, வரிசை குலையாமல் ஒருசேரச் சுட்டு முன்னேறியது. நவாபின் சேனை சிதறி ஓடிற்று.

வென்ற படையில் பெரும்பகுதியினர் இந்நாட்டு மக்களே என்பது கவனத்துக்குரியது. தோற்றவர்களுக்கும் வென்றவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு பிறப்பில் இல்லை, பயிற்சியில் இருந்தது. ஒரே மாதிரியான துப்பாக்கி, ஒரே சொல்லுக்கு ஒரே அசைவு, மாதந்தோறும் தவறாத சம்பளம் ஆகிய மூன்றுமே அந்த வெற்றிக்கு அடிப்படை. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பு இக்காலத்து நிகழ்ச்சிகளை நம் கண்முன் நிறுத்துகிறது.

சென்னையை இழந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டனர். 1748-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் என்னும் ராணுவ அதிகாரி அங்கே வந்து சேர்ந்தார். அதுவரை கும்பினியார் வைத்திருந்த சேவகர்கள் கிடங்குகளையும் வாயில்களையும் காத்தவர்கள். வாளும் வேலும் பழைய துப்பாக்கியும் கலந்து ஏந்தியவர்கள். லாரன்ஸ் அவர்களைப் படையாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். பிற்காலத்தில் அவரை இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கில வரலாற்றாசிரியர்கள் அழைத்தனர். அந்தத் தொடக்கம் நமது தென்னார்க்காட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தது.

அடுத்த பத்தாண்டுப் போர்கள் முழுவதும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நடந்தன என்று சொல்லலாம். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1752-இல் அதை மீட்க வந்த ஆங்கிலப் படை விக்கிரவாண்டிக்கு அருகே தோற்றது. சில வாரங்களில் லாரன்ஸ் பாகூரில் வென்று அந்தத் தோல்வியைச் சரிக்கட்டினார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்தபோது, தனித்தனியே இருந்த சிப்பாய்க் கம்பெனிகளைக் கும்பினியார் ஒன்றுசேர்த்துப் பட்டாலியன்களாக அமைத்தனர். இன்றும் மதராஸ் ரெஜிமென்ட் தன் தோற்றத்தை 1758-ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. 1760 ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் லாலியை அயர் கூட் வென்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும், ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின.

புதிய படையின் அமைப்பு எளிமையானது. ஏறக்குறைய நூறு சிப்பாய்கள் கொண்டது ஒரு கம்பெனி. அதன் தலைவர் சுபேதார்; அவருக்குத் துணை ஜமேதார். அவர்களுக்குக் கீழே ஹவில்தாரும் நாயக்கும் இருந்தனர். சிப்பாய், சுபேதார், ஜமேதார், ஹவில்தார் ஆகிய சொற்கள் பாரசீகம், அரபு மொழிகளின் வழியாக மொகலாயர் படையிலிருந்து வந்தவை. நாயக் என்பது நாயக என்னும் வடசொல்லின் திரிபு. நம் நாட்டுப்புறத்தில் இன்றும் வழங்கும் பட்டாளம் என்னும் சொல் பட்டாலியன் என்பதன் தமிழ் வடிவம் என்பர். சென்னை நகரில் அப்பெயரால் ஒரு பகுதியே உண்டு. வழக்கிழந்த படைகளின் நினைவைச் சொற்கள் இவ்வாறு காத்து நிற்கின்றன.

சென்னைப் படையில் சேர்ந்தவர் யார்? தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், மேல்சாதி என்றும் தாழ்ந்த சாதி என்றும் ஊரார் பிரித்துவைத்த பலரும் சேர்ந்தனர். உயர்சாதியினரே மிகுதியாக இருந்த வங்காளப் படையைப் போலன்றி, இங்கே பல சாதியாரும் ஒரே கம்பெனியில் வரிசையாக நின்றனர். ஊரில் பொதுக்கிணற்றை நெருங்க முடியாத ஒருவன் படையில் சிவப்புச் சட்டை அணிந்து, மாதச் சம்பளம் பெற்று, நிமிர்ந்து நடந்தான். அந்நியனுக்கு ஏன் அவன் உழைத்தான் என்று இன்று கேட்பது எளிது. அவனுக்குத் தவறாமல் கூலி கொடுக்கவும், அவனை மனிதனாக எண்ணி வரிசையில் நிறுத்தவும் முன்வந்தவர்கள் அன்று எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆக, முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சம்பளம் கும்பினியுடையது. இரண்டாவது கேள்வியாகிய கட்டளை யாருடையது என்பதில்தான் போராட்டம் மூண்டது.

தொடக்க காலத்தில் இந்தியத் தலைவர்களுக்கு ஓரளவு உயர்வு இருந்தது. இதற்குச் சிறந்த சான்று யூசுப் கான். ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த மருதநாயகமே இவர் என்பது மரபு. கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்த இவர், சென்னை முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரரை வெளியிலிருந்து அலைக்கழித்தார். பின்னர் மதுரைச் சீமையை ஆண்டார். தம் ஆற்றலை அறிந்த அவர் 1763-இல் நவாபுக்கும் கும்பினிக்கும் கட்டுப்பட மறுத்தார். மதுரைக் கோட்டையில் நெடுநாள் எதிர்த்து நின்றவரைத் தம்மவரே காட்டிக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். கும்பினியின் படையில் அத்தகைய உயர்ந்த பொறுப்பு பின்னர் எந்த இந்தியருக்கும் தரப்படவில்லை. 1796-இல் நடந்த மறுசீரமைப்பில் ஒவ்வொரு பட்டாலியனிலும் ஐரோப்பிய அதிகாரிகள் பெருகினர். சுபேதாரின் அதிகாரம் சுருங்கியது. நரை தோன்றும்வரை உழைத்த சுபேதாரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய இளம் ஆங்கில அதிகாரிக்கு வணக்கம் செலுத்தியே நிற்க வேண்டும் என்பது விதியாயிற்று.

இதன் விளைவு வேலூரில் வெடித்தது. நெற்றியில் சமயக் குறி இடலாகாது, தாடி இன்னவாறுதான் இருக்க வேண்டும், காதில் கடுக்கன் கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்றெல்லாம் ஆணைகள் பிறந்தன. சிப்பாய்களின் முறையீடு செவியேறவில்லை. முறையிட்டவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டது. அதன்பின் நிகழ்ந்த பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன; ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர். 1857-ஆம் ஆண்டின் பேரெழுச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் மண்ணில் நிகழ்ந்தது இது. படைவீரன் கருவி அல்லன், மானமுள்ள மனிதன் என்பதே அது உணர்த்திய பாடம்.

எனினும் படை வளர்ந்தது. இலங்கை, ஜாவா, பர்மா, சீனம் எனக் கடல் கடந்தும் சென்னைச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். 1780-இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய மதராஸ் பயனியர்கள், பாலம் கட்டுவதிலும் அரண் தகர்ப்பதிலும் வல்ல மதராஸ் ஸாப்பர்களாகப் பெயர் பெற்றனர். வங்காளம், சென்னை, பம்பாய் என்னும் மூன்று மாகாணப் படைகளும் 1895-இல் ஒரே இந்தியப் படையாக இணைக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன்பே ஒரு புதிய கொள்கை தலையெடுத்திருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராகவும், பின்னர் இந்தியா முழுமைக்கும் படைத்தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று முடிவு கட்டினார். சில இனத்தாரே வீரர் என்னும் கொள்கை அரசாங்கக் கொள்கையாயிற்று. வந்தவாசியில் நின்ற படையின் வழித்தோன்றல்களான பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் இறுதியில் தமிழ்நாட்டுக் காலாட்படை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. ஸாப்பர்கள் மட்டும் நிலைத்தனர். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1941-இல் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர் பெற்றது. வீரமில்லை என்று கூறப்பட்டவர்களின் பிள்ளைகள் பர்மாக் காடுகளில் போரிட்டனர். கொள்கை பொய் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்த இடத்தில் நம் பார்வையைச் சற்றுத் தொலைவுக்குத் திருப்புவோம். மத்திய ஆப்பிரிக்காவில் காங்கோ என்னும் பெருநாடு இருக்கிறது. 1885-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு அதைத் தம் சொந்த உடைமையாக்கிக் கொண்டார். அதை ஆள அவர் அமைத்த படைக்குப் போர்ஸ் பப்ளிக் என்று பெயர். சிப்பாய்கள் ஆப்பிரிக்கர், அதிகாரிகள் பெல்ஜியரும் பிற ஐரோப்பியரும். காட்டு ரப்பரை மக்களிடமிருந்து கொடுமையாகப் பிடுங்குவதற்கு அந்தப் படை பயன்பட்டது. கொடுமைகள் உலகறிந்து, 1908-இல் பெல்ஜிய அரசு அந்நாட்டை மன்னரிடமிருந்து ஏற்றுக்கொண்டது. ஆனால் படையின் அமைப்பு மாறவில்லை.

1960 ஜூன் 30-ஆம் நாள் காங்கோ விடுதலை பெற்றது. அன்று அந்தப் படையில் கமிஷன் பெற்ற காங்கோ அதிகாரி ஒருவர்கூட இல்லை. விடுதலைக்குப் பின்னும் படையில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று பெல்ஜியத் தளபதி ஜான்சென்ஸ் தம் வீரர்களிடம் உணர்த்தினார். ஐந்தே நாளில், ஜூலை 5-ஆம் நாள், சிப்பாய்கள் கலகம் செய்தனர். கலகத்தை அடக்க அவசரமாகப் படைக்குப் புதுப் பெயர் சூட்டினர். சார்ஜண்டுகளாக இருந்தவர்கள் ஒரே நாளில் உயர் அதிகாரிகளாயினர். அவ்வாறு உயர்ந்தவர்களில் ஒருவரான மொபுட்டு, 1965 நவம்பரில் ஆட்சியையே கைப்பற்றி 1997 வரை ஆண்டார். கட்டளையிடுபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் மூன்றாவது கேள்விக்கு அந்நாட்டில் விடையே இல்லாமற் போயிற்று.

அந்தக் குழப்பத்தைத் தணிக்கச் சென்ற ஐக்கிய நாடுகள் படையில் இந்தியப் பிரிகேடும் ஒன்று. 1961 டிசம்பர் 5-ஆம் நாள் எலிசபெத்வில் நகரில் போரிட்டு மாண்ட காப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. அந்நியன் அமைத்த ஒரு படையின் வழித்தோன்றல், அந்நியன் அமைத்த மற்றொரு படையின் சிதைவைத் தடுக்கச் சென்ற காட்சி அது. இரண்டு படைகளுக்கும் தோற்றம் ஒரே மாதிரி, முடிவு வேறு. ஏன்?

இந்தியாவிலும் ஆங்கிலேயர் மனமுவந்து கதவைத் திறக்கவில்லை. தலைவர்கள் சட்டசபையிலும் பொதுமேடையிலும் இடைவிடாது கேட்டதன் விளைவாகவே, முதல் உலகப் போரின் முடிவில் சில இந்திய இளைஞர்களுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. 1932-இல் டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான இந்தியர் அதிகாரிகளாயினர். ஆகவே 1947-இல் நாடு விடுதலை அடைந்தபோது, பட்டாலியனையும் பிரிகேடையும் நடத்தத் தெரிந்த நம்மவர் இருந்தனர். 1949 ஜனவரி 15-ஆம் நாள் ஜெனரல் கரியப்பா முதல் இந்தியப் படைத்தலைவராகப் பொறுப்பேற்றார். ஆண்டுதோறும் அந்நாளே ராணுவ தினமாகக் கொண்டாடப்படுகிறது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார். யூசுப் கானுக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, ஒரு தமிழர் படை முழுமைக்கும் தலைமை தாங்கினார். இம்முறை தம் நாட்டின் படைக்கு!

மூன்றாவது கேள்விக்கு அரசியல் சட்டம் விடை தந்தது. 1950 ஜனவரி 26 முதல் முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறார். அமைச்சரவை மக்களவைக்குப் பதில் சொல்கிறது. மக்களவையை நாம் தேர்ந்தெடுக்கிறோம். படைக்கான பணத்தையும் பாராளுமன்றமே ஆண்டுதோறும் வழங்குகிறது. மார்பில் எத்தனை பதக்கம் அணிந்த தளபதியாயினும், வாக்குச்சீட்டால் வந்த அமைச்சரின் முடிவுக்குக் கட்டுப்பட்டவரே.

இன்றைய ராணுவத்தின் படிமுறை அமைப்பையும் சுருக்கமாக அறிந்துகொள்வோம். ஏறக்குறைய பத்து வீரர் கொண்டது ஒரு செக்ஷன். மூன்று செக்ஷன்கள் ஒரு பிளாட்டூன்; மூன்று பிளாட்டூன்கள் ஒரு கம்பெனி. நான்கு துப்பாக்கிக் கம்பெனிகளும் அவற்றுக்குத் துணையான பிரிவுகளும் சேர்ந்து ஏறக்குறைய எண்ணூறு பேர் கொண்ட பட்டாலியன் ஆகிறது. அதன் தலைவர் கர்னல். பட்டாலியன்கள் மூன்று சேர்ந்து பிரிகேடு. பிரிகேடுகள் சேர்ந்து டிவிஷன். டிவிஷன்கள் சேர்ந்து கோர். அவற்றுக்கு மேல் கமாண்டு என ஏணி உயர்கிறது. ரெஜிமென்ட் என்பது போர்க்களத்துப் பிரிவு அன்று. பல பட்டாலியன்களுக்குத் தாய்வீடு போன்றது. மதராஸ் ரெஜிமென்டின் தாய்வீடு 1947 முதல் நீலகிரியில் உள்ள வெல்லிங்டனில் இருக்கிறது. அதிகாரிகளைப் பயிற்றும் நிலையம் ஒன்று 1963 முதல் சென்னைப் பரங்கிமலையில் நடைபெறுகிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். நாயக், ஹவில்தார், சுபேதார் என்னும் பழைய பதவிப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஜமேதார் மட்டும் 1965-இல் நாயப் சுபேதார் ஆனார்.

பெயர்கள் பழையவை, வரிசையும் நடையும் பழையவை, கடலூரில் லாரன்ஸ் கற்பித்த ஒழுங்கும் ஓரளவு பழையதே. மாறியது ஒன்றுதான்: படை யாருக்குரியது என்பது. 1748-இன் சிப்பாய் தனக்குச் சம்பளம் கொடுத்த கும்பினிக்குச் சுட்டான். இன்றைய சிப்பாய், தன்னைப் பெற்ற ஊரும் வாக்களிக்கும் நாட்டின் பெயரால் நிற்கிறான்.

இந்த மாற்றம் தானே நிலைத்திருக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. விடுதலை நாளன்று கொடி மாறியது. ஆனால் கொடி மாறினால் மட்டும் போதாது என்பதைக் காங்கோ ஐந்தே நாளில் காட்டிவிட்டது. கல்வி பெற்ற அதிகாரிகளும், சட்டத்துக்குப் பணியும் தளபதிகளும், கேள்வி கேட்கும் பாராளுமன்றமும், அந்தப் பாராளுமன்றத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கும் மக்களும் இருந்தால்தான் படை மக்களுடையதாக நீடிக்கும். இவற்றுள் கடைசிப் பொறுப்பு மாணவர்களாகிய உங்களைச் சேர்ந்தது.

அடுத்த முறை மேல்மலையனூருக்குப் போகும்போது சிறிது நேரம் செஞ்சியில் இறங்கி ராஜகிரியின் படிகளில் ஏறிப் பாருங்கள். நாயக்கருக்காகவும், மராட்டியருக்காகவும், மொகலாயருக்காகவும், நவாபுக்காகவும், பிரெஞ்சுக்காரருக்காகவும், ஆங்கிலேயருக்காகவும் அந்தப் படிகளில் ஏறி விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுப் பிள்ளைகளே. தமக்காக ஏறியவர் அவர்களுள் மிகச் சிலர். அந்த நிலை மீண்டும் வாராமற் காப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.